மடுவத்தில் போட்ட கறுப்பு அங்கி

மகளுக்குக் காய்ச்சல். ஈரத்துணியால் அவள் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னோடு படித்த மேரி தொலைபேசியில் அழைத்தாள்.

"ரெஜினா மிஸ் தவறிட்டாங்கடி. கரவனெல்லயில தங்கச்சி வீட்டுக்குப் போன எடத்துல நெஞ்சு வலின்னிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் "ம்" என்றேன். துணியை மறுபடி நனைத்தேன். அழுகை வரவில்லை. அவரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த ஒரு கேள்வி இனி என்னிடமே தங்கிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த பட்டத்தை நீங்கள் நம்பினீர்களா மிஸ் என்பதே அந்தக் கேள்வி.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா மிஸ் இரத்தினபுரி நகரில் பட்டப்படிப்பு நடத்தும் தனியார் கெம்பஸ் ஒன்றில் மாணவரைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர். கீழே டயர்க் கடை, மாடியில் கெம்பஸ். அவர் பாடம் நடத்தியவரல்ல. ஆனாலும் கஹவத்தையிலிருந்து றக்வான வரை உள்ள தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் படியேறினார்கள் என்றால் அவர் வந்து கூப்பிட்டதால்தான். அவரும் றக்வானப் பக்கத்துத் தோட்டத்தில், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர்.

நான் அவரை முதலில் பார்த்தது எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. என்னைப் போன்றவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று மிஸ் எப்படியோ அறிந்துவைத்திருந்தார். ஆனால் லயத்து வீடுகளுக்கு வந்து அப்பாக்களிடம் பேசமாட்டார். அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து மடுவத்துக்கு வருவார். அம்மாக்கள் எல்லோரும் அங்கே ஒன்றாக நிற்பார்கள். கையில் ஒரு பை. அதற்குள் பட்டமளிப்பு அங்கி.

"அக்கா, இத மொதல்ல நீங்க போட்டுப் பாருங்க," என்று என் அம்மாவிடம் நீட்டினார்.

"ஐயோ, கையெல்லாம் கறை மிஸ்."

"பட்டாப் பட்டுட்டுப் போகுது. கையத் தூக்குங்க."

இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அம்மா அதற்குள் நுழைந்தார். தலையில் தொப்பியும் ஏறியது. "ஏ ராமாயி, தொரைசாணி கெணக்கா இருக்கடி," என்றார் ஒருவர். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "தராசுல ஏறும்மா, பட்டம் எத்தன கிலோன்னு பாத்துருவோம்," என்றார். "ஏன் ஐயா, கொழுந்துல கழிக்கிற மாதிரி இதுலயும் தண்ணிக்குன்னு கழிக்கவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, மடுவமே சிரித்தது. மிஸ் போட்டோ எடுத்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "ஒடம்புல ஏறிருச்சு. இனி வேணாம்னு சொல்லக் கூடாது."

எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை தோட்டத்தைத் தாண்டி எங்கும் தங்கமாட்டார். இடையில் அவிழ்த்தால் வீட்டுக்கு ஆகாது. அம்மா அந்த அங்கியை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மடுவத்தில் அதைப் போட்டுக்கொண்ட மற்ற அம்மாக்களும் அப்படித்தான். இது அப்போது மிஸ்ஸுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கெம்பஸில் அவர் எங்களுக்குத் தாயைப் போல இருந்தார். விரிவுரைகள் ஆங்கிலத்தில் தொடங்கிச் சிங்களத்தில் முடியும். எங்களில் சிலர் விழிப்பதைப் பார்த்தால் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து தமிழில் முணுமுணுப்பார். கட்டணம் பிந்தியவர்களை வெளியே நிறுத்தினால் அலுவலகத்தில் போய் நின்று, "மே அபே லமய் சேர்," இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று சிங்களத்தில் வாதாடுவார். அதே வாயால் மறுநாள் வேறொரு தோட்டத்து மடுவத்தில், "இந்தப் பட்டம் இருந்தா கவுருமெண்டு வேலைக்கும் போடலாம்," என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு கதை பரவியது. எங்களுக்குப் பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை அரசாங்க வேலைக்கு ஏற்கமாட்டார்களாம். சிங்களப் பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு வந்து சண்டை போட்டுவிட்டு விலகினார்கள். எங்களில் ஒருவரும் விலகவில்லை.

"அவங்க கேக்கறாங்க, போறாங்க. நீங்க மட்டும் ஏன்பா அப்படியே உக்காந்திருக்கீங்க?" என்று மிஸ் என்னிடம் கேட்டார். அம்மாக்கள் அந்த அங்கியைக் காப்பாக எடுத்துக்கொண்டதைச் சொன்னேன்.

"நான் போட்டோவுக்குத்தானே போட்டேன் சுகந்தி. ஆசையா இருக்கும்னு போட்டேன்."

அதற்குப் பிறகு சில காலம் அந்தப் பை கெம்பஸ் அலுமாரியிலேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் பஸ் ஹோல்ட்டில் பார்த்தேன். மிஸ்ஸின் தோளில் மறுபடியும் அந்தப் பை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வெறுங்கையோட போனா யாரும் நிக்க மாட்டேங்கிறாங்கப்பா. நின்னாத்தானே பேசலாம்," என்றார்.

பட்டம் முடிந்தது. அரசாங்க ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்தில் என் கோப்பை மேலோட்டமாகப் பார்த்து, இந்தப் பல்கலைக்கழகம் எங்கள் பட்டியலில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது மகள் வயிற்றில். நேரே மிஸ்ஸிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"எனக்கு மேல உள்ளவங்க என்ன சொன்னாங்களோ அதத்தான் ஒங்க அம்மாகிட்ட சொன்னேன். இப்ப நான் யாருகிட்டப் போய்ச் சத்தம் போட, சொல்லு," என்றார். பிறகு, "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டு, தெருமுனைத் தேநீர்க் கடைக்கு ஆளனுப்பி ரோல்ஸ் வாங்கித் தந்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்த வருடம்தான் அவர் தம் மகள் ஷெரினையும் அதே பாடநெறியில் சேர்த்தார். நம்பாமல் சொந்தப் பிள்ளையைச் சேர்ப்பாரா என்று சில நாள் நினைக்கிறேன். ஊழியர் பிள்ளைக்குச் சலுகை உண்டே என்று வேறு சில நாள் நினைக்கிறேன்.

இன்று கஹவத்தையில் ஒரு தனியார் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பட்டத்தால் கிடைத்த வேலையா, அங்கே படித்த ஆங்கிலத்தால் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. அந்தப் படியேறியிராவிட்டால் கிடைத்திருக்காது என்று மட்டும் தெரியும். மேரி அதே பட்டத்தோடு ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிறாள்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டதும் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அம்மாவோடு மிஸ்ஸின் அடக்கத்துக்கு றக்வானவுக்குப் போனேன். வேதக்கோயிலடியில் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர். "எம்புள்ளைய ஏமாத்திட்டாங்க," என்றார் ஒருவர். "ஏமாத்துனவங்க சாவுக்கா வேலைய விட்டுட்டு வந்த?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். இருவரும் சேர்ந்தே பெட்டியருகே போனார்கள். என் அம்மா, "எனக்குக் கோட்டுப் போட்டுவிட்ட மகராசி," என்று சொல்லி அழுதார். எனக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் அழுதேன்.

அடக்கம் முடிந்ததும் கெம்பஸ் பணிப்பாளர் என்னிடம் வந்தார். "நங்கி, மிஸ் உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார்," என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, வாகனத்திலிருந்து அந்தப் பையை எடுத்துக் கொடுத்தார். மிஸ்ஸின் வேலையை நான் பார்க்க வேண்டுமாம். இப்போது வாங்குவதை விடக் கூடிய சம்பளம். அடுத்த மாதம் என் தோட்டத்திலிருந்தே தொடங்கலாமாம். சாவுக்கு வந்த இடத்தில் மறுத்துப் பேச வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் லயத்துச் செல்வி அக்கா பையைக் கண்டுவிட்டார். அவர் மகளுக்கு இப்போதுதான் உயர்தர முடிவு வந்திருக்கிறது. "மிஸ்ஸோட பைதானே? எப்ப மடுவத்துக்கு வாற? நான் தல குளிச்சிட்டு வாறேன்," என்றார். பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

நேற்று அங்கியை வெளியே எடுத்தேன். கழுத்துப் பட்டி முழுக்கக் கொழுந்துக் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. தேங்காயெண்ணெய் வாசம். இதில் அம்மாவின் கறை எது என்று தேடினேன். அதற்குள் மகள் தவழ்ந்து வந்து அங்கியின் கைப்பக்கத்துக்குள் தலையை நுழைத்துவிட்டாள். சட்டென்று இழுத்துவிட்டேன். வீரிட்டு அழுதாள்.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, "அவளுக்கு வேணாம். அவ இன்னும் யாருக்கும் ஒரு வாக்கும் குடுக்கல," என்றார்.

அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பணிப்பாளருக்கு முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். அது சரியா என்று தெரியவில்லை. செல்வி அக்காவின் மகளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனாலும் நாளை அந்திக்கு மடுவத்துக்குப் போவேன். எனக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, மேரிக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் செல்வி அக்காவிடம் சொல்வேன். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.

மிஸ், உங்கள் அங்கியைத் துவைக்காமல் மடித்துவைத்திருக்கிறேன். ஷெரின் படிப்பை முடிக்கும் நாளில் அவளிடம் கொடுப்பேன். முடித்த பிறகு அதைப் போட்டுக்கொள்ளும் முதல் ஆள் அவளாக இருக்கட்டும். நான் வெறுங்கையோடுதான் போகிறேன். நிற்பார்களா என்று தெரியவில்லை. நீங்கள் போய்வாருங்கள் மிஸ்.