கை தள்ள ஆள் வேண்டும்

தாய்ச்சி என்கிற சீனத் தற்காப்புக் கலை அவசரமே இல்லாத சண்டை. அந்த விஷயம் நம் முட்டிக்கு மட்டும் தெரியாது. மலேசியாவில், எங்கள் ஊர் புக்கிட் பெலண்டோக்கில் காலையில் சீன மாஸ்டரிடம் பழகும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. முட்டி தேய்ந்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மரம் இல்லாத இடம்

ரப்பர் எஸ்டேட்டில் பால்மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவிய கால் என்னுடையது. மாஸ்டர் நேராக நடக்கச் சொன்னால் குனிந்து, வளைந்து, பக்கவாட்டில் போவேன். பக்கத்தில் நின்றவள் ஆ லான். எஸ்டேட் கடைக்காரச் சீனர் மகள்; என்னைவிடச் சுத்தமாகத் தமிழில் ஏசுவாள், கடைசியில் ஒரு 'லா' ஒட்டி. முதல் நாளே கேட்டாள்: "அக்கா, இங்க மரம் இல்ல லா. யாரைச் சுத்துற?"

கை தள்ளுதல்

இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டை ஒட்டவைத்து, மாறி மாறித் தள்ளுவது ஒரு பயிற்சி. கால் நகர்ந்தால் தோல்வி. ஆம்பளைகளோடு கை ஒட்ட எனக்குக் கூச்சம். அதனால் மாஸ்டர் என்னை ஆ லானோடு ஜோடி சேர்த்துவிட்டார்.

பல்லைக் கடித்துத் தள்ளினேன். அவள் தோளைத் தளரவிட்டாள். நான் அவள் மேலேயே போய் விழுந்தேன். தாங்கிப் பிடித்தபடி சொன்னாள்: "மருமகளையா தள்ளுற? மெதுவா லா அக்கா."

குடை பிடித்த இடம்

பேரனைப் பார்த்துக்கொள்ள ஆ லானை அவள் மகன் ஜொகூருக்குக் கூட்டிப்போனான். சீனப் பெருநாளுக்கு வருகிறேன் என்றாள். பேரனுக்குக் காய்ச்சல், வரவில்லை. மாஸ்டர் வேறு ஜோடி கொடுத்தார். நல்ல பெண்தான். ஆனால் அந்தக் கை என்ன நினைக்கிறதென்று என் கைக்குப் பிடிபடவில்லை.

வரிசையில் ஆ லான் நிற்கும் இடத்தில் யாரும் வந்து நிற்காதபடி என் குடையை வைத்தேன். மாஸ்டர் அதை எடுத்து, மடக்கி, என் கையில் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: "இடம் எங்கேயும் போகாது, ஆன்டி. போனது ஆளுதான்."

விழுந்த போன்

போன வாரம் பயிற்சி முடிந்ததும் நாற்காலியில் போனைச் சாய்த்து, வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன். அங்கே அடுப்படியில் நின்று அவள் கையை நீட்டினாள். இங்கே நான் நீட்டினேன். இரண்டு பேரும் காற்றைத்தான் தள்ளினோம். எனக்கு மனசு ஆறவில்லை. இன்னும் கிட்டே போனேன். விரல் பட்டு போன் குப்புற விழுந்தது.

"எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன். கீழேயிருந்து அவள் குரல் வந்தது: "என்னைத் தள்ளிட்டியா? இரு, எழுந்து வரேன் லா."

தள்ளுவதற்கும் விழாமல் நிற்பதற்கும் பயிற்சி உண்டு. எதிரே நிற்க வேண்டியவளுக்காகக் காத்திருப்பதற்கு மட்டும் மாஸ்டரிடம் பயிற்சி இல்லை.