காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு

என் மனைவியின் இடது மார்பில் இருப்பது புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் வாசிக்கத் தொடங்கியதுதான். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி வரிசையில் முண்டியடிக்கத் தெரியாது. அழுகிறவரைத் தேற்றப் போனால் அவர் என்னைத் தேற்றவேண்டி வந்துவிடும். வாசிக்க மட்டும் தெரியும்.

சத்திரசிகிச்சை முடிந்து வந்த அறிக்கை, அவளுடைய புற்றுக் கலங்கள், அதாவது செல்கள், ஈஸ்திரஜன் என்ற ஹோர்மோனால் வளர்கிறவை என்றது. இது நல்ல வகை என்று டொக்டர் சொன்னார். எதிலும் வகை பார்க்கிற ஊர் எங்களுடையது. எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளுக்கு விளக்கினேன். கலத்துக்குள் ஓர் இருக்கை இருக்கிறது. ஈஸ்திரஜன் வந்து அதில் குந்தினால் கலம் பெருகத் தொடங்கும். தினமும் போடச் சொல்லித் தந்த குளிசை முந்திக்கொண்டு போய் அந்த இருக்கையில் இருந்துவிடும். உரும்பிராய்ச் சந்தியில் மினிபஸ் நிற்கும் முன்னரே யன்னலுக்குள்ளால் கைதுடைக்கிற லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வேலை. ஈஸ்திரஜன் ஏறிப் பார்க்கும், இடம் இராது, இறங்கிவிடும்.

"அப்ப ஒருநாள் லேஞ்சி போடாட்டி?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நான் அப்போது உவமையின் அழகில் மயங்கியிருந்தேன். பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பிறகு சமையலறையில் என் ஆட்சி தொடங்கியது. சோயாவில் ஈஸ்திரஜனைப் போல ஏதோ இருக்கிறதாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டுச் சோயா மீற்றைத் தடைசெய்தேன். எள்ளிலும் இருக்கிறதாம் என்று நல்லெண்ணெய்ப் போத்தலை அயல்வீட்டுக்குக் கொடுத்தேன். சோயாவுக்குப் பயப்படத் தேவையில்லை என்று பின்னர் வாசித்தபோது தடையை நீக்க வெட்கமாயிருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள். முப்பது வருடத்தில் என்னை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குப் பழகியிருந்தது.

குளிசை தொடங்கி ஒன்றரை வருடம் கழித்து, போன புரட்டாதியில், கிளினிக்கில் டொக்டர் அவளுடைய அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் தடவினார்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மா?"

"ஓம் டொக்டர். விரத நாளைத் தவிர."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"எது விரத நாள்?"

"வெள்ளிக்கிழமை. கந்தசஷ்டி ஆறு நாள். கௌரி விரதம் இருபத்தொரு நாள். அதுதான் இப்பவும் நடக்குது, இண்டைக்கு அஞ்சாம் நாள்."

"விரதத்திலை குளிசை போடக் கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டெல்லோ எழுதியிருக்கு. காலமை சாப்பிடாட்டி எப்பிடிப் போடுறது? மிச்சக் குளிசையெல்லாம் பழுதாகாமல் வைச்சிருக்கிறன் டொக்டர், வேணுமெண்டாத் திருப்பித் தாறன்."

டொக்டர் மருந்துப் பையை வாங்கிப் பார்த்தார். 'காலை 1' என்று மட்டும் இருந்தது. "இதிலை சாப்பாடு எண்டு ஒண்டும் இல்லையே அம்மா. வெறும் தண்ணியோடையும் போடலாம்."

"வீட்டிலை டப்பாவிலை இருக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய மரியாதை அது.

டப்பாவில் எழுதியது நான். 'காலை 1' என்பது எனக்கு முடியாத வசனமாகப் பட்டது. பனடோலில் இருந்து என் பிரஷர்க் குளிசை வரை எங்கள் வீட்டில் எல்லாமே சாப்பாட்டுக்குப் பிறகுதான். எனவே வசனத்தை முடித்து, முத்து முத்தான எழுத்தில், அழியாத மையில் ஒட்டிவிட்டேன். எழுத்தாளனாக இத்தனை வருடத்தில் என் எழுத்தை ஒருவர் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது அந்த ஒருமுறைதான்.

"இந்தக் கட்டி இதாலைதானோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"இதாலைதான் எண்டு சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது. ஊசியாலை கொஞ்சம் எடுத்து அனுப்புவம். முடிவு வரக் கொஞ்ச நாள் செல்லும்."

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஏனப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே எழுதினனீங்கள். உங்களுக்குத் தெரியாதே?"

முந்தின வருடத்துக் கௌரி விரதத்தின்போது, இரவில் உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது குறைந்திருக்கிறது, எல்லாம் அம்மாளின் கருணை என்று சொன்னாள். அந்தக் கொதிப்பு குளிசையால் வருவது என்று நான் வாசித்திருந்தேன். வாசித்ததை வைத்துக்கொண்டு, "பாத்தியே, விரதம் உடம்புக்கு நல்லது" என்றேன்.

"இந்த முறை விரதத்தை விடு," என்றேன்.

"குளிசையைத் தண்ணியோடை போடுறன். விரதத்தை விடேலாது."

"உடம்பு கிடக்கிற கிடையிலை..."

"இஞ்சேருங்கோ, இது ஆருக்குப் பிடிக்கிற விரதம் எண்டு தெரியுமோ? புருஷனுக்கு. உங்கடை பிரஷருக்கும் சீனிக்கும் நான் பட்டினி கிடக்காமல் ஆர் கிடக்கிறது? நீங்கள் இரண்டு இடியப்பத்தைக் குறைக்கவும் மாட்டீங்கள்."

முன் இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மிச்சம் பதினாறு நாளும் காலையில் அவள் குளிசை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்து காட்டச் சொல்லுமளவுக்குப் போய்விட்டேன். ஒருநாள் காட்டினாள். மறுநாள், "போய் உங்கடை புட்டைச் சாப்பிடுங்கோ" என்றாள். அவளுக்கு முன்னால் இருந்து, என் நீண்ட ஆயுளுக்காக அவள் சாப்பிடாத புட்டை நான் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு செய்தியும் இல்லை.

கடைசி நாள் கோயிலுக்குப் போய் விரதக் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். பெண்களுக்கு அந்த நூலை இடது கையில்தான் கட்டுவார்கள். அவளுடைய இடது கையில் பிரஷர் பார்க்கவே கூடாது, இறுக்கமாய் ஒன்றும் போடக் கூடாது, அக்குளிலும் வெட்டியிருப்பதால் கை வீங்கிவிடும் என்று சத்திரசிகிச்சை முடிந்த அன்றே நேர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். அந்தக் கையில் போட்டிருந்த தங்கக் காப்பையே கழற்றி வைத்திருந்தாள். போன வருடத்து நூல் தளர்வாய்க் கிடந்ததால் நான் அதை யோசிக்கவில்லை. இப்போது மணிக்கட்டுக்கு மேலே மஞ்சள் நூல், மூன்று முடிச்சு.

"ஐயரிட்டைச் சொல்லியிருக்கலாமே, மற்றக் கையிலை கட்டச் சொல்லி."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னத்தைச் சொல்லுறது? ஏனெண்டு கேட்டா?"

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வெட்டக் கூடாது," என்றாள். "வருஷம் முழுக்கக் கிடக்கவேணும். இது உங்களுக்கெண்டு கட்டினது."

முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தேன். ஐயர் திறமான வேலைக்காரர். கடைசியில் நூலுக்கும் தோலுக்கும் நடுவில் என் சின்ன விரலை நுழைத்துப் பார்த்தேன். போனது, ஆனால் இலேசாகப் போகவில்லை.

"இறுக்கமோ?"

"தெரியேல்லை. அந்தப் பக்கம் இப்ப அவ்வளவு உணர்ச்சியில்லை."

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தேன். விரல் இருக்கும்வரை அவ்வளவு இடமாவது இருக்கும்.