பாலிப் அவளுக்கு, பத்தியம் எனக்கு

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் மனைவிக்குக் கணவனாக இருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். கார் ஓட்ட வேண்டும், பை தூக்க வேண்டும், சொந்தக்காரர்கள் என்ன கேட்டாலும் சிரிக்க வேண்டும். அதே உத்தியோகத்தில் இருக்கும் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஓர் இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியும். அந்த இடத்தை நான் வருஷக்கணக்காகச் சந்தேகித்து வருகிறேன்.

திராட்சை

எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. ஸ்கேன் திரையில் ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் காட்டி, கருப்பைக்குள் பாலிப் இருக்கிறது, சின்னச் சதை வளர்ச்சிதான், ஒரு திராட்சை அளவு, கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நான் புத்திசாலித்தனமாக ஏதாவது கேட்க நினைத்து, "கொட்டை உள்ள திராட்சையா, இல்லாததா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் எனக்கு ஒரு டிஷ்யூ நீட்டினார். ஏர்கானில் உட்கார்ந்தும் எனக்குச் சட்டை நனைந்திருந்தது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

"திராட்சை என் வயித்துல இருக்கு டாக்டர், இவருக்கு ஏன் வேர்க்குது?"

சீட் பெல்ட்

என் பக்கத்தையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். கிளினிக்கில் அதற்கென்று ஓர் அறை உண்டு. சுவரில் கடற்கரைப் படம், வெளியே நர்ஸின் செருப்புச் சத்தம். என்னால் முடியவில்லை. சரி, சாம்பிளை வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள்.

எங்கள் வீடு கிள்ளானில், சாலை காலியாக இருந்தாலே முக்கால் மணி நேரம். ஃபெடரல் ஹைவே ஜாமில் டப்பாவை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன். ஷா ஆலம் தாண்டுவதற்குள் ரோட்பிளாக். போலீஸ்காரர் நம்ம ஆள், தமிழர். "அண்ணே, கைக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? எடுங்க" என்றார். எடுத்தால் சூடு போய்விடும். "எடுக்க முடியாது சார், பிள்ளை விஷயம்" என்றேன். டப்பாவின் மூடியைக் கொஞ்சம் காட்டினேன். அதில் கிளினிக் பேரும் என் பேரும் ஒட்டியிருந்தன. அவர் பேரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் இந்த உத்தியோகம் பழக்கம்போல, சட்டென்று ஒதுங்கி வழி விட்டார்.

"போங்க போங்க அண்ணே, பிள்ளைக்கு சீட் பெல்ட் போட மறந்துறாதீங்க."

வடை

அந்தச் சோதனையின் முடிவு தெரியும் நாள். ஸ்டெல்லாவை வாசலில் இறக்கிவிட்டு நான் பார்க்கிங் தேடப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடியவர்களுக்கு அடுத்த வரி தேவையில்லை. பூக்கடையைத் தாண்டினேன், வாழையிலைக் கடையைத் தாண்டினேன், மறுபடி பூக்கடை. எனக்கு முன்னால் ஒரு லோரி காய்கறி இறக்கிக்கொண்டு நகரவே இல்லை. ஹாரன் அடித்ததற்கு டிரைவர் ஒரு முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டினான். கடைசியில் ஒரு சந்தில் வண்டியைச் செருகிவிட்டு ஓடிவந்தால், ஸ்டெல்லா கீழே வடைக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் பேசி முடித்துவிட்டாராம்.

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவள் வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நான் சந்தேகிக்கும் இடம் இதுதான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம், எல்லாம் அந்த பாலிப் பண்ற வேலைதான். வடை சூடா இருக்கு, சாப்பிடுங்க."

சிங்கம்

என் பெரியம்மா செந்தூலில் இருக்கிறார். பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். மாதம் ஒரு முறை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும், முடிந்ததும் சாப்பாடு. பாலிப் விஷயம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வந்திருந்த ஆன்டிகள் எல்லோரும் ஸ்டெல்லாவின் வயிற்றுக்காகச் சத்தமாக ஜெபித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நின்றாள். நான் ஓரமாக நின்று 'ஆமென்' சொன்னேன்.

சாப்பிடும்போது பெரியம்மா ஆரம்பித்தார். "பொம்பள ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினா வயித்துல கண்டது வளரத்தான் செய்யும். எங்க பையனுக்கு என்ன குறை? சிங்கம் மாதிரி இருக்கான்!" நான் அப்போது மூன்றாவது கோழித் துண்டில் இருந்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள். பிறகு எழுந்து ரசக் கரண்டியை எடுத்தாள்.

"ஆமா அத்தை, சிங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

பத்தியம்

பாலிப்பை எடுத்தாயிற்று. காலையில் போனவள் சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் டாக்டரின் கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் ஸ்டெல்லா வாயிலாக. வீட்டில் புகை இருந்தால் அவளுக்கு ஆகாதாம், ஆகவே நான் சிகரெட்டை விட வேண்டும். நான் இறுக்கமான ஜீன்ஸ் போட்டால் அவளுக்கு மனசு சரியில்லையாம், ஆகவே எனக்குக் கைலி. நான் மடியில் லேப்டாப் வைத்தால் அவளுக்குப் படபடப்பாம். நான் சுடுதண்ணீரில் குளித்தால் அவளுக்குத் தலைவலியாம். காலையில் எனக்கு மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை. கேட்டால், "வைட்டமின், துணைக்குச் சாப்பிடுங்க" என்பாள்.

ஷா ஆலத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் காசிம் என்று ஒரு பையன் வேலை செய்தான். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். சிகரெட் நீட்டினான், நான் மறுத்தேன். ஏன் என்று கேட்டான். முழுப் பட்டியலையும் சொன்னேன். தன் சிகரெட்டையும் பற்ற வைக்காமல் காதில் செருகிக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க, ஆபரேஷன் உங்க ரெண்டு பேர்ல யாருக்கு நடந்துச்சு?"

குளியல்

அடுத்தது ஊசியும் மருந்தும். சரியான நாளில் என் பங்கை லேபில் கழுவிச் சுத்தம் பண்ணி, நல்லதை மட்டும் பொறுக்கி, மெல்லிய குழாய் வழியாக உள்ளே அனுப்புவார்கள். முதல் தடவை பலிக்கவில்லை. இரண்டாவதும் பலிக்கவில்லை. அன்றைக்கு ஸ்டெல்லாவுடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு சிக்னலில், "எனக்கு வயசாயிட்டே போகுது" என்றாள், அவ்வளவுதான். பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மூன்றாவது தடவை போனபோது, லேபில் இருந்த பெண், கழுவி முடிக்க நேரமாகும், கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். "எதுக்குங்க கழுவணும்? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கழுவுறதுதான் அங்கிள், ரோட்டுல வந்தவங்க கை கழுவாம சாப்பிடுவாங்களா?"

புதுநன்மை

அந்த மூன்றாவது தடவை பலித்ததுதான் எங்கள் மகள். போன மாதம் அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் விழா. வெள்ளை கவுனில் ஐஸ்கிரீம் கொட்டிக்கொண்டு ஓடினாள். விருந்தில் பெரியம்மா மறுபடி ஆரம்பித்தார். "கல்யாணமான புதுசுலயே அந்தச் சதையை எடுத்திருந்தா இன்னும் நாலு பெத்திருக்கலாம். எங்க பையன் மேல குறையே இல்ல." ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அவருக்கு ரசம் ஊற்றினாள். நான் என் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

ஸ்டெல்லா பொய் சொல்லுகிறவள் இல்லை. கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் பாவம் எதுவும் கிடைக்காமல், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டியதைச் சொல்லிவிட்டு வருகிறவள். ஆனால் அந்த வடை நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அப்போதே கேட்டிருக்கலாம். வேறு கிளினிக்கில் போய்ச் சோதித்தும் பார்த்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? சிங்கமாக இருப்பது வசதியாக இருந்ததா? அல்லது ஜெபக்கூட்டத்தின் நடுவில் அவளுக்குப் பதில் நான் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயமா?

விருந்து முடிந்து கிள்ளானுக்குத் திரும்பினோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்த நான், வீட்டு வாசலில் பார்க்கிங் தாராளமாக இருந்ததால் தப்பிக்க வழியில்லாமல், வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "ஸ்டெல்லா, அன்னைக்கு நான் அந்த லோரிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தப்போ, டாக்டர் என்னைப் பத்தி உண்மையில என்ன சொன்னாங்க?"