342-ம் பக்கத்தோடு நின்ற கைரேகை

நார்வேயின் ஹாலிங்டாலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தோர்டிஸுக்குக் கோபமே வராது என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. இருபத்தாறு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்துகிறார்கள், ஒருவன் சட்டைக்குள் ஒருவன் பனியைத் திணிக்கிறான், யாராவது ஒருத்தி வாந்தி எடுக்கிறாள். தோர்டிஸ் திரும்பிப் பார்த்ததில்லை. யானைக்குட்டி உயரத்தில் ஒரு எல்க் மான் நடுரோட்டில் வந்து நின்றபோதுகூட ஹாரன் அடிக்காமல், அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தவள்.

அந்தப் பொறுமை முழுவதும் ஈஸ்டரை நம்பித்தான் ஓடியது. ஈஸ்டர் வந்தால் நாடே மலையேறி மரவீட்டுக்குள் உட்கார்ந்து கொலைக்கதை படிக்கும். பால் வரும் அட்டைப்பெட்டியில்கூடக் கொலைக்கதை அச்சடித்திருப்பார்கள். காபிக்குப் பால் ஊற்றும்போதே ஒரு பிணம் விழும். மற்றவர்கள் நாலைந்து புத்தகம் தூக்கிப் போவார்கள். தோர்டிஸுக்கு ஒன்றே ஒன்று, அந்த வருடத்துப் புதுசு. அதன் கொலைகாரனைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அவள் புருஷன் வீட்டை விட்டுப் போனதையே கடைசி அத்தியாயம் முடிந்த பிறகுதான் கவனித்தாள் என்று தம்பி ஹால்வர் சொல்லிச் சிரிப்பான்.

மலைவீடு அம்மா இருவருக்கும் விட்டுப் போனது. ஈஸ்டர் வாரத்தில் புதன் மதியம்வரை ஹால்வர், அதற்குப் பிறகு தோர்டிஸ். இந்த வருடத்துப் புத்தகத்தை அவள் பிப்ரவரியிலேயே வாங்கிவிட்டாள். கீழே ஊரில் வைத்திருந்தால் கை சும்மா இருக்காது என்று, பேப்பரில் சுற்றி, மலைவீட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தாள்.

ஹால்வர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன். எதையும் முடிக்காதவன். மலைவீட்டு வாசல் கதவு ஒன்பது வருடமாகப் பாதி சிவப்பு, பாதி சாம்பல். ஆலையில் மட்டும் எப்படி முழு மரத்தையும் அறுக்கிறான் என்பது தோர்டிஸுக்கு விளங்காத மர்மம்.

புதன் சாயங்காலம் அவள் மலையேறி வந்து, தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் வீட்டு நோட்டைத் திறந்தாள். அதுதான் அங்கே வழக்கம். கிளம்புகிறவர் ஒன்று விடாமல் எழுதிவைக்க வேண்டும், வருகிறவர் முதல் வேலையாக அதைப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் இருக்கிறதா, எலி எங்கே செத்துக் கிடக்கிறது, ஒன்றும் தெரியாது.

ஹால்வர் எழுதியிருந்தான்:

"நல்ல வெயில். கேஸ் தீரப்போகுது. எலி ஒன்னு மாட்டுச்சு. மாவு டப்பாவுக்குப் பின்னாடி அக்காவோட புத்தகம் கெடந்துச்சு, படிச்சேன். பாதிரியார்தான் கொன்னாருன்னு தெரிஞ்சப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு. உனக்கு நாலு ஆரஞ்சு வெச்சிருக்கேன்."

வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. பின்னாலுள்ள மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். சாதாரணமாக அரைமணி நேர ஏற்றம். தோர்டிஸ் எட்டு நிமிடத்தில் ஏறினாள். அவள் போன தடத்தில் பனி உருகி ஓடியது என்று பக்கத்து வீட்டார் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

"என்னக்கா, ஆரஞ்சு நல்லாருக்கா?"

"உன் வாயில அந்த நாலையும் தோலோட அடைக்கணும்டா. யாரைக் கேட்டு என் புத்தகத்தைத் தொட்ட?"

"மாவு எடுக்கப் போனேன். அது கெடந்துச்சு."

"சரி, தொட்ட. படிச்ச. நோட்டுல ஏன்டா எழுதின?"

"நடந்ததை எழுதணும்னு அம்மா சொல்லிருக்கு. எலியையும்தான் எழுதிருக்கேன்."

"எலி செத்தது எனக்குத் தெரியலாம்டா. கொன்னது யாருன்னு தெரியக் கூடாது. ஒரு வருஷம்டா. ஒரு வருஷமா அந்தப் பிசாசுங்கள பஸ்ல ஏத்தி எறக்கினது இந்த அஞ்சு நாளுக்குத்தான்."

"அப்ப பால் அட்டையைப் படியேன். அதுலயும் கொலைதான்."

தோர்டிஸ் போனை அணைத்தாள். நார்வேஜிய மொழியில் இருக்கிற வசவுகள் பாதி மேட்டிலேயே தீர்ந்து போனதால் இறங்கும்போது புதிதாகச் செய்துகொண்டாள்.

வியாழனன்று வெயில் விழும் சுவரோரம் மான்தோலை விரித்து, வீம்புக்குப் புத்தகத்தைத் திறந்தாள். பாதிரியார் கதைக்குள் வந்து "வணக்கம்" என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஜெபம் பண்ணினார், "நடிக்காதய்யா" என்றாள். நாய்க்குச் சோறு வைத்தார், "விஷமா?" என்றாள். போதாக்குறைக்கு ஹால்வர் சாக்லேட் தின்றுகொண்டே படித்திருக்கிறான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பழுப்பாக அவன் கட்டைவிரல். இரண்டு நாள் அவள் கொலைகாரனோடும் தம்பியின் விரலோடும் சேர்ந்து குடித்தனம் நடத்தினாள்.

சனிக்கிழமை 342-ம் பக்கத்தின் கடைசி வரியில் பாதிரியார் மண்டியிட்டு, "நான்தான்" என்றார். பக்கத்திலேயே கசங்கிய சாக்லேட் தாள் ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது.

தோர்டிஸ் பக்கத்தைப் புரட்டினாள். 343, சுத்தம். 344, சுத்தம். கடைசிவரை புரட்டினாள். 412 வரைக்கும் ஒரு விரல் இல்லை.

எழுபது பக்கம் மிச்சம் இருக்கும்போது அந்த ஹால்வர் நாய் மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது.

மிச்சத்தை அவள் மூச்சுவிடாமல் படித்தாள். பாதிரியார் யாரையோ காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தார். கொன்றது யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, ஊருக்கு ஒரு ஹால்வர் போதும். மூன்று நாளாகப் பாதிரியாரையே முறைத்துக்கொண்டிருந்ததில் உண்மையான ஆளைத் தோர்டிஸ் கவனிக்கவே இல்லை. எப்போதும் நூறு பக்கத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிறவள் இந்தமுறை ஏமாந்தாள். அதற்கும் சேர்த்துத் தம்பி மேல் கோபம் வந்தது.

திங்கள் காலையில் மேட்டுக்கு ஏறிக் கூப்பிட்டாள்.

"புத்தகத்தை முழுசாப் படிச்சியாடா?"

"படிக்காம? கடைசி வரி வரைக்கும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

இறங்கி வந்து, தொத்திறைச்சி நறுக்கும் கத்தியால் 343 முதல் 412 வரை அறுத்துத் தன் பையில் வைத்தாள். மிச்சப் புத்தகத்தை மாவு டப்பாவுக்கு முன்னால், கண்ணில் படும்படி வைத்தாள். பிறகு நோட்டில் எழுதினாள்:

"வெயில். கேஸ் மாத்தியாச்சு. எலி இல்ல. பாதிரியாரும் இல்லடா. கொன்னது யாருன்னு தெரியணும்னா வாசக் கதவோட மறுபாதிக்குப் பெயிண்ட் அடிச்சு, காஞ்சப்புறம் போட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டு பூச்சு."