மரியதாஸை நான்தான் கூப்பிட்டேன்

மரியதாஸ் சொல்வழி கேளாமல் சாகவில்லை. நான் கூப்பிட்டதால் செத்தான். பனி மூடிய மலைச்சரிவின் நடுவில் நின்றுகொண்டு "வாடா" என்று நான்தான் கூப்பிட்டேன். பிறகு, கூப்பிடவில்லை என்று பொய் சொன்னேன்.

விதி என்று சொல்லி என்னைத் தேற்ற வரவேண்டாம். கேட்பதென்றால் கேளுங்கள், இல்லையென்றால் எழுந்து போங்கள்.

மரியதாஸ் என் தங்கை பிலோமினாவின் கணவன். ஊர்காவற்றுறையில் நானும் அவனும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள். பிறகு சுவிஸில், மலை விடுதியொன்றின் குசினியில் ஒன்றாகக் கோப்பை கழுவினோம்.

விடுதியிலிருந்து கீழே ஊருக்குத் தார் வீதி சுற்றிக்கொண்டு போகும். சரிவைக் குறுக்கே கடந்தால் பாதி வழி மிச்சம். வசந்தம் தொடங்கியதும் விடுதியின் வழிகாட்டி எங்களை நிறுத்திவைத்துச் சொல்வார். இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும், விடியலிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் உள்ளே தண்ணீர் ஊறி இளகிவிடும், மத்தியானத்துக்குப் பிறகு காலே வைக்காதீர்கள். ஒருவர் மறுபக்கம் சேரும்வரை மற்றவர் பாறையடியில் நின்று பார்க்கவேண்டும், இரண்டு பேரின் பாரம் சரிவில் ஏறக்கூடாது. இதில் விளங்காதது என்ன? எல்லாம் விளங்கியது!

அன்று பெரிய வெள்ளி. கீழே கோயிலில் மூன்று மணிக்கு வழிபாடு. மத்தியானச் சமையல் முடிய நேரமாகிவிட்டது.

"மச்சான், வெயில் நல்லா ஏறீட்டுது. றோட்டாலை போவம்," என்றான் மரியதாஸ்.

"காத்துமில்லை, மப்புமில்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்குமே? நட," என்றேன்.

என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்! வெளித்த வானமும் அடங்கிய காற்றும் எங்கள் கடலில் நல்ல நாள். அந்த மலையில், வசந்தத்தில், அதுதான் ஆளைக் கொல்லுகிற நாள். அவ்வளவு சொல்லித் தந்தும் என் மண்டைக்குள் கடல்தான் இருந்தது.

நான் முதலில் இறங்கினேன். அவன் ஒழுங்காகப் பாறையடியில் நின்றான். நடுவழியில் பனி என்னைத் தொடைவரை இழுத்துக்கொண்டது. காலடியில் 'தொம்' என்றொரு சத்தம்... பயம் பிடித்துவிட்டது. கடலில் ஒரு வள்ளம் தத்தளித்தால் பக்கத்து வள்ளம் வந்து அணையும். பார்த்துக்கொண்டு நிற்பவனை எங்கள் கரையில் மனிதனாக மதிப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் கத்தினேன்.

"மச்சான், வாடா. என்னைத் தனிய விடாதை."

அவன் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் கண்டேன். கண்டும் மறுபடி கூப்பிட்டேன். வந்தான். எனக்குக் கையை நீட்டும்போது எங்களுக்கு மேலே பனி வெடித்தது. என்னை ஓரத்தில் எறிந்துவிட்டு அவனைக் கொண்டுபோனது. வெறுங்கையால் பனியைக் கிண்டினேன்... எங்கே கிண்டுவது? மீட்க வந்தவர்கள் பொழுதுபடத்தான் அவனை எடுத்தார்கள்.

தங்கைக்கு அன்றே தொலைபேசினேன்.

"நீங்கள் மறிக்கேல்லையே, அண்ணை?" என்று கேட்டாள்.

"மறிச்சனான். நில்லெண்டு சொன்னனான். அவன் கேக்கேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் அழுகையைக் குறைக்கவா? இல்லை. அவள் என்னை வெறுத்துவிடுவாளே என்ற பயம், அவ்வளவுதான். அவளை விதவையாக்கியது போதாதென்று செத்தவனின் பேரையும் கெடுத்தேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

இந்தமுறை சொல்லிவிடுவதென்றுதான் ஊருக்கு வந்தேன். நேற்று அவனுக்கு இந்த வருடத்து நினைவுப் பூசை. முடிந்து அவள் வீட்டில் சாப்பிட இருந்தோம். சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது, அம்மாவின் படம் இருக்கிறது. அவன் படம் இல்லை. ஏனென்று கேட்டேன்.

"அது என்னத்துக்கு, அண்ணை? என்னையும் பிள்ளையையும் நினைச்சிருந்தா அந்த மனுசன் நில்லெண்ட இடத்திலை நிண்டிருக்கும்."

அவள் அழவில்லை. இத்தனை வருடமும் அவனோடு கோபித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என்மேல் வரவேண்டிய கோபம் அது! அப்போது சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தும்விட்டேன். அவள் என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். தின்றேன்.

புறப்படும்போது படலைவரை வந்தாள்.

"அங்கை புதுசா வாற பெடியளுக்கு இவரின்ரை கதையைச் சொல்லுங்கோ, அண்ணை. சொல்வழி கேளாட்டி என்ன நடக்குமெண்டு அவங்களாவது அறியட்டும்."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

அவளுக்குத் தெரியாது... அதை நான் எப்போதோ தொடங்கிவிட்டேன். வசந்தம் வந்தால் குசினிக்குப் புதிதாக வந்தவர்களை நிறுத்திவைத்து, விடியலில் கடக்கவேண்டும், ஒவ்வொருவராகக் கடக்கவேண்டும் என்று படிப்பிக்கிறேன். நான் மறித்தும் கேளாமல் ஒருவன் போய்ச் செத்தான், மரியதாஸ் என்று பேர், என்று சொல்கிறேன். அவர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.