வெர்னாவின் தலைமுடி மறைத்த ஒன்பது

வெர்னா ஹட்சலுக்கு எழுபத்தொரு வயது. மூன்று கல்யாணம், இரண்டு முழங்கால் ஆபரேஷன், லாஸ் வேகஸ் சூதாட்டக் கூடங்களில் முப்பது வருஷம் தட்டேந்தி மது பரிமாறிய வேலை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியவை: போல்டர் நெடுஞ்சாலையோரம் ஒரு டிரெய்லர் வீடு, ஸ்பிரே அடித்துக் கோபுரமாக நிறுத்திய தலைமுடி, யாருக்கும் அடங்காத வாய். அந்த வாயை அவள் கட்டிப்போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். காப்பர் மியூல் கேசினோவில், கழிவறைக்குப் பக்கத்து மூலையில் கிடந்த இரண்டு பழைய போக்கர் மெஷின்களுக்கு முன்னால்.

காரணம் இருந்தது. எந்தச் சீட்டு சேர்ந்தால் எத்தனை மடங்கு என்று மெஷின் மேலேயே பட்டியல் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு வரியைத்தான் பார்ப்பார்கள். ஃபுல் ஹவுஸ் என்ற சேர்க்கைக்கு ஒன்பது மடங்கு, ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு ஆறு என்றால் உட்காரலாம். எட்டும் ஐந்தும் என்றால் பட்டை நாமம். ஆறும் ஐந்தும் என்றால் வெர்னா ஒரு வார்த்தை சொல்வாள், அதை அச்சில் ஏற்ற முடியாது. வெளியூரிலிருந்து வரும் புண்ணியவான்கள் பட்டியலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, விளக்கு மின்னினால் போதும். அந்தத் தைரியத்தில் நிர்வாகம் வருஷா வருஷம் ஒவ்வொரு மெஷினாக இந்த மடங்கைக் குறைத்துக்கொண்டே வந்தது. மூலையில் கிடந்த இரண்டை மட்டும் மறந்து தொலைத்துவிட்டது.

ஒன்றில் வெர்னா உட்காருவாள். மற்றதில் கிளெட்டஸ், ஓய்வுபெற்ற பிளம்பர், மனைவியைப் பறிகொடுத்தவன், வாயில் எப்போதும் பல் குத்தும் குச்சி. பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் இதே ஜோடிதான். முதலில் வருபவர் மற்றவரின் நாற்காலியை மெஷின்மேல் சாய்த்து வைப்பார். சாய்ந்த நாற்காலிக்கு ஆள் இருக்கிறது என்று அந்த ஊரில் குடிகாரனுக்குக்கூடத் தெரியும்.

மெஷினில் பட்டன் ஒட்டிக்கொண்டால் பணியாளைக் கூப்பிடமாட்டார்கள். கிளெட்டஸ் தன் குச்சியாலேயே நோண்டிச் சரிசெய்வான். பழுது பார்க்க வருகிறவன் மெஷினையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை வைப்பான், புதியது ஆறும் ஐந்துமாகத்தான் வரும்.

"ஜெயிச்சாலும் மூச்சு விடக்கூடாது, தெரியுதா?" என்பான் கிளெட்டஸ்.

"மூணு புருஷனுங்ககிட்ட மூச்சு விடாம குப்பை கொட்டினவ நான். எனக்கே பாடம் நடத்துறியா?"

அந்த மாசம் கேசினோ ஒரு சலுகை அறிவித்திருந்தது. ஆட்டத்திலேயே பெரிய சேர்க்கையான ராயல் ஃப்ளஷை ஹார்ட்ஸ் சீட்டுகளில் அடித்தால் சிவப்பு சாட்டின் கோட்டு, முதுகில் தங்க எழுத்து, கூடவே ஒரு போட்டோ. "கோமாளி வேஷம்" என்று முதலில் சொன்னவளே வெர்னாதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய திரையில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ், ஐந்தும் ஹார்ட்ஸாக வந்து நின்றன. ஆயிரம் டாலரை மெஷினே கணக்கில் ஏற்றிவிட்டது. யாரையும் கூப்பிடத் தேவையே இல்லை.

"அமுக்கு. அடுத்த ஆட்டத்துக்குப் போயிடு," என்றான் கிளெட்டஸ், உதடு அசையாமல்.

"கோட்டு, கிளெட்டஸ்."

"கோட்டா? பத்து கோட்டு நான் வாங்கித் தர்றேன், அமுக்கும்மா!"

"அதுல தங்க எழுத்து இருக்குமாய்யா?"

வெர்னா பணியாளைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டாள். முப்பது வருஷம் ஜெயித்தவர்களின் போட்டோக்களில் அவள் ஓரத்தில் ஒரு தட்டாகவும் பாதிக் கையாகவும் மட்டும் வந்திருக்கிறாள். ஒரு தடவையாவது முழுசாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

போட்டோ எடுக்க வந்த பெண் அவளுக்குச் சிவப்புக் கோட்டை மாட்டிவிட்டு, "மேடம், உங்க முடி மெஷினை மறைக்குது. கொஞ்சம் இடது பக்கம்," என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கிளெட்டஸ் இரண்டு கையையும் ஆட்டி, நகராதே, நகராதே என்று தவித்தான். ஆகா, கிழவன் நம் அழகைப் பார்த்துச் சொக்கிவிட்டான் என்று நினைத்து, வெர்னா பல்லெல்லாம் தெரியச் சிரித்து இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள்.

மறுநாள் அவள் படத்தை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் போட்டோவில் முகத்தையா பார்ப்பார்கள்? அவள் காதுக்குப் பக்கத்தில் ஒன்பதும் ஆறும் பளிச்சென்று தெரிந்தன. மத்தியானத்துக்குள் மூலையில் இருபது பேர் வரிசை. அந்தக் கூட்டத்தைப் பார்த்த நிர்வாகமும் பட்டியலைப் படித்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தபோது இரண்டு புத்தம் புது மெஷின்கள் நின்றன. ஆறும் ஐந்தும்.

கிளெட்டஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தொப்பியை எடுத்துக்கொண்டு, "படம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெர்னாவிடம் அவன் போன் நம்பர் கிடையாது, வீடு எங்கே என்றும் தெரியாது. பதினோரு வருஷத்தில் அதெல்லாம் தேவைப்படவே இல்லை. 'ஒரு கோட்டுக்கு ஆசைப்பட்டு அந்த மனுஷனைத் தொலைச்சுட்டேனே' என்று புலம்பினாள். அதே கோட்டோடு பஸ் ஏறி, நெடுஞ்சாலையோரம் ஒவ்வொரு கேசினோவாகத் தேடினாள்.

நான்காவது கேசினோவில், புகை நாறும் மூலையில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி மெஷின்மேல் சாய்ந்திருந்தது.

"யாருக்குய்யா இது?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரிய தலைக்காரி ஒருத்தி வருவா. எட்டு நாளா சாய்ச்சு வச்சிருக்கேன். காவலாளி ரெண்டு தடவை சண்டைக்கே வந்துட்டான்."

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷின் மேலிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

"எட்டும் அஞ்சுமா? த்தூ, இதுலயா உக்காந்திருக்க, மானங்கெட்டவனே?"

"நீ தேடி வர்ற தூரத்துல வேற என்ன இருக்கு? உக்காரு."

வெர்னா கோட்டைக் கழற்றி, தங்க எழுத்து வெளியே தெரியாதபடி மடித்து, அந்த நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.