காது அடைத்த பூச்சிகள்

ஊரில் அவருக்குப் பெயர் கொசு. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் கொசு. பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செட் செய்வது அவர் தொழில். ஊரார் வாயையெல்லாம் சிரிக்க வைத்தவர், தன் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவனுக்குச் சிரிப்பு செத்துவிடும். பட்டப்பெயர் வந்த காரணம் வேறு என்றாலும் ஆளுக்குப் பொருத்தம்தான் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம். கூடவே குடித்தனம் நடத்தியவள் சொல்கிறாள், நாம் இல்லையென்றா சொல்ல முடியும்?

காரணம் அவர் கட்டுகிற தூண்டில் பூச்சி. கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து மீனை ஏமாற்றிப் பிடிக்கிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் உண்டு. மற்றவர்கள் கட்டுவது தேனீ அளவு, வண்டு அளவு. இவர் கட்டுவது கடுகளவு. அந்தக் கடுகுக்கு உடம்பு, இறக்கை, வால் எல்லாம் உண்டு என்பார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். வெறுங்கண்ணால் பார்த்தவர்களும் வம்பு எதற்கு என்று ஆமாம் என்றார்கள்.

அந்தக் கடுகுக்காக வீட்டில் நடந்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் மின்விசிறி ஓடக் கூடாது, இறகு பறந்துவிடும். வேர்த்துக் கொட்டினாலும் சரி, யாரும் தும்மக் கூடாது. கீழே விழுந்த கொக்கியைக் காந்தத்தால் தரையைத் துழாவி எடுப்பது மனைவியின் வேலை. ஒருமுறை காந்தத்துக்கு முன்னால் அவள் குதிகால் அதைக் கண்டுபிடித்துவிட்டது. துடித்துப்போய் உட்கார்ந்தவளைப் பார்த்து, "மெதுவா எடு, கொக்கி வளைஞ்சிடப் போகுது" என்றார் மகராசன். அவளும் மெதுவாகத்தான் எடுத்தாள். அப்படியே பழகிவிட்டாள்.

பெரிய பூச்சி கட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. பாங்க் குமாஸ்தா கட்டியதைப் பார்த்து, "இதை மீன் திங்காது சார், பயந்து ஓடும்" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். ஆனால் புழு வைத்துப் பிடிக்கிறவன் என்றால் அவர் கணக்கில் மனுஷனே இல்லை. விதியைப் பாருங்கள், ஒரே மகள் கட்டிக்கொண்டவன் புழு வைத்துப் பிடிக்கிறவனாகத்தான் வாய்த்தான். லிஃப்ட் மெக்கானிக், தங்கமான பிள்ளை. கல்யாணம் முடிந்து முதல்முறை சாப்பிட வந்தவனிடம் மாமனார் சொன்னார்: "புழு வச்சு மீன் பிடிக்கிறதும் தெருவுல கையேந்துறதும் ஒண்ணுதான் மாப்பிள்ளை. ரெண்டுக்கும் திறமை தேவையில்ல." மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். அதோடு வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வருஷம் போனில் அம்மாவோடு மட்டும் பேச்சு. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரோம்மா. அப்பாகூட ஆத்துக்குப் போகணும்னு இவருக்கு ஆசை. எனக்கில்ல. அப்பா இன்னொரு தரம் இவரை மட்டம் தட்டினா அதோட சரி, அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் என்னைத் தேடி வர வேண்டாம்."

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. அன்னைக்கு அப்பா பேசும்போது நீ பக்கத்துலதானே நின்னே? தண்ணி ஊத்திட்டு நின்னே. அவர் பேசினதுகூட எனக்கு மறந்துடும்மா, நீ தண்ணி ஊத்தினது மறக்கலை."

அம்மா போனை வைத்தாள். மகள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, அதுதான் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு சின்ன மாத்திரை டப்பாவோடு வந்தான். உள்ளே பஞ்சில் ஒரே ஒரு பூச்சி, கடுகளவு. மாமனாருக்காக மாசக்கணக்கில் உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். கிடைத்த நூலில் கட்டியதால் சிவப்பாக இருந்தது. அவர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இது பூச்சியா மாப்பிள்ளை, இல்ல பூச்சியோட பிரேதப் பரிசோதனையா?"

மாப்பிள்ளை சிரித்தான். "முதல் தடவைதானே மாமா." மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. சிரித்தவனே அவள் கையைப் பிடித்து அழுத்தியதால் பேசாமல் இருந்தாள். கொசு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ பிச்சை போட்டவர்போல மாப்பிள்ளையின் காரில் ஏறினார்.

ஆற்றில் அன்று நல்ல நேரம். தண்ணீருக்கு மேல் கொசுக்கூட்டம் புகையாக நின்றது, மீன்கள் வாயை மட்டும் நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தன. பாங்க் குமாஸ்தாவும் மருந்துக்கடைக்காரரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்தத் தூண்டில் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் மீனைக் கரைக்குக் கொண்டுவந்தாலும் மற்றவர்கள் முதலில் கேட்பது, "பூச்சி யாருது?" என்றுதான். பிடித்த மீனை அவர்கள் தின்பதில்லை, தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். கரையில் மிஞ்சுவது பூச்சி கட்டியவன் பேர் மட்டும்.

"நீங்க அந்த வளைவுக்குப் போங்க மாப்பிள்ளை. இங்க நின்னு மீனைக் கலைக்காதீங்க" என்று அவர் விரட்டினார். மகளும் கூடப் போனாள். மனைவி மட்டும் பிளாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொசு தன் பெட்டியைத் திறந்தார். ஒரு பூச்சியை எடுத்து, ஊசிக் காது மாதிரி அதன் கொக்கித் தலையில் இருக்கிற காதில் நூலைக் கோக்கப் பார்த்தார். போகவில்லை. இன்னொன்று, அதுவும் போகவில்லை. நூலை நக்கினார், வானத்தைப் பார்த்தார், கையை நீட்டி மடக்கினார்.

"கண்ணாடி போட்டுக்கோங்களேன்."

"எனக்கெதுக்குக் கண்ணாடி? வெளிச்சம் சரியில்ல."

தலைக்கு மேல் சூரியன் காய்ந்துகொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவள் ஒரு பூச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொக்கியின் காதில் ஓட்டையே இல்லை. கட்டு அவிழாமல் இருக்கக் கடைசியில் தலையில் ஒரு பொட்டு வார்னிஷ் வைப்பார்கள், காதில் படாமல். பட்டுவிட்டால் ஈரம் காய்வதற்குள் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். பார்வை மங்கிப்போன மனிதர் இதைப் பார்க்காமல் பொட்டுக்குப் பொட்டு அப்பியிருக்கிறார். பெட்டியில் இருந்த அத்தனை பூச்சிக்கும் காது அடைத்திருந்தது. காதை அடைக்கிறவன் கொக்கியைத் தொடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் இவர்.

"எல்லாம் அடைஞ்சிருக்குங்க. ஊசிகூட கொண்டுவரலையே."

"கத்தாதடி." அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த மாத்திரை டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைக் கோத்துக் குடு. மூச்சு விடாத."

அவள் கோத்தாள். அப்படியாவது மாப்பிள்ளை கட்டியதற்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் கோத்தாள். முடிச்சை அவர் விரலால் தடவியே போட்டுவிட்டார்.

மூன்றாவது வீச்சில் மீன் விழுந்தது. முழங்கை நீளம். இதையும் சொல்லிவிட வேண்டும், முடி மாதிரி நூலை அறுக்காமல் அவ்வளவு பெரிய மீனைக் கரைக்கு ஓட்டிவர அந்த ஆளுக்குத் தெரியும். ஆட்கள் ஓடிவருவதைப் பார்த்தார். குனிந்தார். மீனின் உதட்டிலிருந்த சிவப்புப் பூச்சியைக் கழற்றவில்லை. நூலை மட்டும் நறுக்கென்று வெட்டி மீனைத் தள்ளிவிட்டார்.

"கொக்கியோடவா விட்டீங்க?" என்றார் குமாஸ்தா.

"சின்னக் கொக்கி, தானா விழுந்துடும்."

"சரி, பூச்சி யாருது சார்?"

"வேற யாருது? நம்ம கைதான்."

அடப்பாவி என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளை முழங்கால் ஈரத்தோடு ஓடிவந்தான், பின்னாலேயே மகள். அவன் முகமெல்லாம் சந்தோஷம். "சூப்பர் மாமா! என்னோடதையும் ஒரு தரம் போட்டுப் பாக்கிறீங்களா?"

"போட்டேனே மாப்பிள்ளை. தண்ணி பட்டதும் பிரிஞ்சு போச்சு. மீனுக்கும் மானம் ரோஷம் இருக்கில்ல?"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா கையில் பிளாஸ்க் இருந்தது, மூடியில் பாதி டீ ஊற்றியிருந்தாள்.

அவள் அதைக் கீழே வைத்தாள்.

"பொய்" என்றாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே திக்கென்றது. "மீன் விழுந்தது மாப்பிள்ளை கட்டின பூச்சில. நான்தான் கோத்துக் குடுத்தேன். தெரியக் கூடாதுன்னு நூலை அறுத்து விட்டுட்டாரு."

"இவளுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றார் கொசு.

"அப்படியா? இந்தப் பெட்டில ஏதாவது ஒண்ணுல நூல் கோத்துக் காட்டுங்க பார்ப்போம்."

"அத்தை, விடுங்க அத்தை" என்றான் மாப்பிள்ளை. அவள் விடவில்லை, பெட்டியைக் குமாஸ்தா கையில் திணித்தாள். குமாஸ்தா முயன்றார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாமே அடைஞ்சிருக்கே சார்" என்றார்.

"ஈரக் காத்துல வார்னிஷ் இளகியிருக்கும்." கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

மாப்பிள்ளைதான் கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னான். "கண்ணு சரியாத் தெரியலையா மாமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாளைக்கு நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

அதற்காவது ஒரு சரி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே இருந்த எல்லாரும் காத்திருந்தார்கள், மகள் உட்பட.

"லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடுறவன் எனக்குக் கண்ணு காட்டுறானா? போப்பா."

யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தா பெட்டியை மூடிப் புல்லில் வைத்துவிட்டுத் தன் தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தார். மகள் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை, அவனை என்னவென்று சொல்வது, அப்போதும் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றான்.

"உங்க தயவுல ஏறுறதுக்கு நான் நடந்தே போவேன்" என்று ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். யாராவது வந்து கெஞ்சுவார்கள் என்று நினைத்தார். இத்தனை வருஷமும் ஒருத்தி கெஞ்சியிருக்கிறாளே.

அவள் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு வந்து முன்சீட்டில் ஏறி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நடக்கட்டும்" என்றாள். "நீங்க கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை."